ராவுத்தர் சொல்லும் 'சரிதான்'

கூப்பிடாத கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார ஒரு துணிச்சல் வேண்டும். எங்கள் நாலு பேருக்கும் அது தாராளமாக இருந்தது. திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் நல்ல மேளம் வைத்துக் கல்யாணம் நடந்தாலும், விடிந்ததும் விடியாததுமாக நாலு சைக்கிளில் கிளம்பிவிடுவோம். பெண் யார், மாப்பிள்ளை யார் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்? நாயனம் யார், தவில் யார் என்று தெரிந்தால் எங்களுக்குப் போதும்.

இதெல்லாம் அம்பதுகளில். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது, அதனால் வண்டிக்குப் பஞ்சமில்லை. மற்ற நாளில் ஏழு மணிக்குத் திறக்கிற கடையை முகூர்த்த நாளில் பதினொன்றுக்குத் திறப்பேன். வாசலில் நின்று திட்டுகிறவர்களைப் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வண்டியைக் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இன்றைக்கும் குறையவில்லை, சந்தேகம் இருந்தால் என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நாலு பேரில் ஒருவர் சின்னாளபட்டி நெசவாளி. தறியில் உட்கார்ந்து மிதித்து மிதித்து அவருக்குத் தாளமெல்லாம் காலுக்குப் போய்விட்டது. பந்தலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் உதை வாங்காமல் எழுந்திருக்க முடியாது. இன்னொருவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். விசிலைக் கழற்ற மறந்து கழுத்தோடு வந்துவிடுவார். மூன்றாவது ஆள் நான். நாலாவது ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் தோல் மண்டி வைத்திருந்த ராவுத்தர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். எங்கள் ஊரில் நாங்களும் ராவுத்தமாரும் அப்படித்தான் முறை வைத்துப் பேசிக்கொள்வது. மற்றபடி பெண் எடுத்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை. எங்களுக்குள் உறவு என்றால் மேளம் ஒன்றுதான்.

முதல் முதலில் அவரை நான் பார்த்தது டவுனுக்குள் நடந்த ஒரு கல்யாணத்தில். நான் தொடையில் தட்டித் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய ரசிகன் என்று நினைப்பு. பக்கத்தில் அத்தர் வாசனை. அத்தருக்கு அடியில் லேசாகப் பச்சைத் தோல் வாசனை. திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு மூடினார். எனக்குச் சுர்ரென்றது. என்னய்யா இது என்று வாயைத் திறக்குமுன், துண்டுக்குள் அவர் கை வந்து என் விரல்களைப் பிடித்தது.

சந்தையில் ஆட்டு வியாபாரிகள் இப்படித்தான் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இந்த மனுஷன் கல்யாணப் பந்தலில் என்ன பேரம் பேச வருகிறான் என்று நான் முழித்தேன். அவரோ நிதானமாக என் விரல்களில் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு சுற்று முடிந்ததும்தான் எனக்கு உறைத்தது, நான் ஒரு எண்ணிக்கை பிந்திப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஊர் பார்க்கத் தப்புத் தாளம் போட்ட என்னை, ஊர் பார்க்காமல் திருத்திவிட்டார். நானாக இருந்திருந்தால் சத்தம் போட்டு மானத்தை வாங்கியிருப்பேன்.

கச்சேரி முடிந்ததும், "மாப்ள, காது நல்ல காது. கைதான் அவசரம்" என்றார். அன்றைக்குப் பிடித்த விரல், பிறகு பன்னிரண்டு வருஷம் விடவில்லை.

எங்களுக்குத் துப்புக் கொடுக்கிறவர் அவர்தான். வியாழக்கிழமை தவறாமல் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போவார். அங்கே சுத்துப்பட்டு ஜனம் எல்லாம் வரும். ஆட்டின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே, "உங்க ஊர்ல அடுத்த முகூர்த்தத்துக்கு யார் வீட்டுக் கல்யாணம்? மேளம் எங்கிருந்து வருது?" என்று விசாரித்துவிடுவார். சாயங்காலம் என் கடைக்கு வந்து, ஆடு பற்றி ஒரு வார்த்தை, மேளம் பற்றி ஒன்பது வார்த்தை பேசுவார்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு, அதுவும் அவர் போட்டதுதான். கூப்பிடாத வீட்டில் மேளம் கேட்கலாம், கை நனைக்கக் கூடாது. பந்தி போடுகிற சத்தம் கேட்டால் எழுந்துவிட வேண்டும். சொல்வது சுலபம். நம்ம ஊரில் சாப்பிடாமல் போகிற ஆளைக் கல்யாண வீட்டார் சும்மா விடுவார்களா? நத்தத்தில் ஒரு பெண் வீட்டுக்காரர், நாங்கள் நைசாகச் சைக்கிளை எடுப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ குறை கண்டு கோபித்துக்கொண்டு போகிறோம் என்று நினைத்துவிட்டார். இலை, சாம்பார் வாளி, பாயசம் எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மாந்தோப்பு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளைக்கு நீங்க எந்த வகையிலங்க சொந்தம்? என்ன தப்பு நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினார். டிரில் மாஸ்டர் பதற்றத்தில் விசிலை வாயில் வைத்து ஊதிவிட்டார். மாடு மிரண்டது. கடைசியில் ராவுத்தர்தான் இறங்கிப் போய், "அய்யா, நாங்க யாருக்கும் சொந்தமில்ல, உங்க வீட்டு மேளத்துக்குச் சொந்தம்" என்று உண்மையைச் சொன்னார். பெண் வீட்டுக்காரர் மாமரத்தடியிலேயே இலையைப் போட்டு, "இது கல்யாண வீடு இல்ல, என் தோப்பு. உக்காருங்க" என்றார். சட்டம் அங்கே செல்லாது என்று நெசவாளி தீர்ப்புச் சொல்லிவிட்டு முதல் ஆளாக உட்கார்ந்தார்.

இப்போது அந்த 'சரிதான்' விஷயத்துக்கு வருகிறேன். பந்தலில் நாங்கள் மூன்று பேரும் கத்துகிற ஜாதி. சபாஷ், பலே, ஆஹா எல்லாம் எங்களிடம் மூட்டை கணக்கில் உண்டு. ராவுத்தர் வாயைத் திறக்க மாட்டார். பந்தலின் மூன்றாவது காலில் சாய்ந்துகொண்டு, துண்டுக்குள் விரலை மடக்கிக்கொண்டிருப்பார். ஒரு கச்சேரிக்கு ஒரே ஒரு தடவை, தணிந்த குரலில், "சரிதான்" என்பார். மண்டியில் ஒரு தோலைப் பிரித்துப் பார்த்துப் பிடித்துப்போனால் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். சில கச்சேரிக்கு அதுவும் கிடையாது. அன்றைக்கெல்லாம் வாசித்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெற்றிலை போடுவார்கள்.

டீக்கடையில் நான் அவரைப் போலவே செய்து காட்டுவேன். துண்டை மடியில் போட்டு, கண்ணை அரைவாசி மூடி, தொண்டைக்குள்ளிருந்து "சரிதான்". எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். "என்னைய விட நீ நல்லாச் சொல்ற மாப்ள. எனக்குத் தொண்டை கட்டினா நீ சொல்லிரு" என்பார்.

அந்த வார்த்தைக்காக ஏங்கிக் கிடந்தவர் ஒரு தவில் வித்வான். வேடசந்தூர் தாண்டி ஒரு கிராமம் அவருக்கு. கோபக்காரர். என்னைவிட. முதல் தடவை அவர் வாசித்து முடித்ததும் ராவுத்தர் நேரே போய், "அண்ணே, வாசிப்புக்கு ஒரு குறையும் இல்ல. கட்டியிருக்கிற ஆட்டுத்தோலுதான் உங்க கைக்குப் பத்தல" என்று சொல்லிவிட்டார். நாங்கள் அடி விழும் என்றுதான் நினைத்தோம். வித்வான் முறைத்த முறைப்பில் டிரில் மாஸ்டர் சைக்கிளைத் தேட ஆரம்பித்தார். ஆனால் அடுத்த வாரம் ராவுத்தர் ஒரு தோலைச் சுருட்டிக்கொண்டு வித்வான் வீட்டு வாசலில் போய் நின்றார். அதைக் கட்டித் தட்டிப் பார்த்த வித்வான், அவரைப் பிடித்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினாராம். அதற்கப்புறம் அவர் தவிலுக்கு வேறு யார் தோலும் ஏறவில்லை. எந்தப் பந்தலுக்குப் போனாலும் உட்கார்ந்ததும் அவர் கண் மூன்றாவது காலைத் தேடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வீட்டுக் கல்யாணம், நாங்களே வைக்கிற மேளம். மேளத்துக்கு நான் வாய் திறக்குமுன் ராவுத்தர் போய் வித்வானிடம் பேசி முடித்துவிட்டார். அதோடு விடவில்லை. ஒரு மாதம் சந்தை சந்தையாக அலைந்து ஒரு தோலைத் தேடிப் பிடித்தார். அதைப் பதப்படுத்தி, என் கடைக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். எனக்கு என்ன தெரியும், தோல் தோலாகத்தான் தெரிந்தது. "இது உன் தங்கச்சிக்கு என் சீர் மாப்ள. இதுல அவரு அன்னைக்கு வாசிக்கிறதக் கேட்டுட்டு, உங்க வீட்டுப் பந்தியில மொத எலையில உக்காந்து சாப்புடுறேன். கூப்பிட்ட வீடுதானே" என்றார்.

கல்யாணம் திங்கட்கிழமை. முந்தின வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில், ஒரு வெள்ளாட்டின் முதுகில் கை வைத்தபடியே நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். மத்தியானம் லாரியில் கொண்டுவந்து வீட்டில் கிடத்தினார்கள். நெசவாளி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கடை வாசலில் நின்று சொன்னபோது, நான் அவரைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். ஐம்பது வயதுகூட ஆகாத மனுஷன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று முடிவாயிற்று. ராவுத்தரின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனுக்குத் தவில்காரருன்னா உசுரு. அவருக்குச் சேதி சொல்லிக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார். நான் போகிறேன் என்றேன். வேறு யாரையும் அனுப்ப எனக்கு மனசில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். மில்லுக்குப் போகிறவர்கள் எதிரே சாரி சாரியாகச் சைக்கிளில் வந்தார்கள். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். 'அண்ணே, ராவுத்தர் மவுத்தாயிட்டாரு. ஜும்மா முடிஞ்சு எடுக்குறாங்க. கூட்டிப்போக வந்துருக்கேன்.' அவ்வளவுதான். மூன்று வரி.

வித்வான் முற்றத்தில் உட்கார்ந்து தவிலைக் கட்டிக்கொண்டிருந்தார். புதுத் தோல். ராவுத்தர் தேடிப் பிடித்த தோல்.

"வா அப்பு, நல்ல நேரத்துல வந்தே" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து மோர் வந்தது. நான் குடித்தேன். அவர் வாரை இழுத்து இறுக்கி, வெறும் விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. அப்படி ஒரு நாதம்.

"கேட்டியா? இத திங்கக்கிழமை அந்த மனுசன் காதுல போடணும். அந்த ஒத்த வார்த்தைய அவரு வாயில இருந்து வாங்கணும். இம்புட்டு ஆசையா நான் எந்தக் கல்யாணத்துக்கும் தோல் கட்டுனது கெடையாது" என்றார்.

மூன்று வரியும் வெளியே வரவில்லை. "சும்மா, ஞாபகப்படுத்திட்டுப் போகலாம்னு வந்தேன்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், தங்கச்சி கல்யாணத்தில் மேளம் கெட்டுப்போகும் என்ற பயம் பாதி. சேதி தெரிந்தால் இந்த மனுஷன் குச்சியைத் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். மீதிப் பாதியை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தத் தோலில் அவர் வாசிப்பதை நான் கேட்கவேண்டும். என் உயிர்ச் சிநேகிதன் வீட்டில் மையித்தாகக் கிடக்கிறான், எனக்குக் காது தினவு எடுக்கிறது. இப்படியும் ஒருத்தன் இருப்பானா? இருந்தேன்.

திரும்பி வந்து, "அவரு ஊர்ல இல்ல" என்று சொன்னேன். தம்பி தலையை ஆட்டிக்கொண்டார். அன்றைக்கு மையவாடியில் ஊரே நின்றது. ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டோம். டிரில் மாஸ்டர் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். நான் அழவில்லை. அழுகிற தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை வித்வான் வந்து இறங்கியதும் முதல் கேள்வி, "எங்கே ராவுத்தர்?"

"சந்தை சோலியாப் போயிருக்காரு. முகூர்த்தத்துக்கு வந்துருவாரு" என்றேன். பக்கத்தில் நின்ற நெசவாளிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "ஏலே, நீ மனுசன்தானா?" என்றார். "தாலி ஏறட்டும், நானே சொல்லிடுறேன்" என்றேன். பொண்ணு கழுத்துக்காகப் பேசாமல் இருக்கிறேன், உனக்காக இல்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தாலி ஏறியது. கெட்டிமேளம் கொட்டியது. பந்தி போட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நாயனக்காரர் கல்யாணி வாசித்து நிறுத்தி, தவிலுக்கு வழி விட்டார். வித்வான் வாசித்தார். தப்பில்லாத வாசிப்பு. ஆனால் உப்பில்லாத சோறு மாதிரி இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை மூன்றாவது காலைப் பார்க்கிறார். அங்கே எங்கள் பெரியம்மா கையில் பேத்தியை வைத்துக்கொண்டு சாய்ந்திருக்கிறாள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. கூட்டத்துக்குள் இருந்தால் ஆள் முகம் தெரியாது. குரல் மட்டும் போதும். வாழை மரம் கட்டின காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். துண்டை வாய்ப் பக்கம் வைத்துக்கொண்டேன். வித்வான் ஒரு கணக்கை எடுத்துப் பின்னிப் பின்னிக் கொண்டுபோய், நெருக்கி, ஒரு நொடி கையை நிறுத்தி, டப்பென்று தாளத்தில் வந்து விழுந்தார். பந்தலே சபாஷ் என்றது. நான் தணிந்த குரலில், "சரிதான்" என்றேன்.

குரல் அச்சு அசல் ராவுத்தர் குரல். டிரில் மாஸ்டர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

வித்வான் நிமிர்ந்தார். மூன்றாவது காலைப் பார்க்கவில்லை. நேரே வாழை மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தம் வடிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் கை நிற்கவில்லை. அதற்கு மேல் கால் மணி நேரம் வாசித்தார். அது எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த வாசிப்பைப் போல இந்த ஜில்லாவில் நடந்ததில்லை என்று கேட்டவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் எதற்காகப் பொய் சொன்னேனோ அது நடந்தது, என் காதில் ஒரு தட்டும் ஏறவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடித்ததும் தவிலை இறக்கிவைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"எப்ப?" என்றார்.

"வியாழக்கிழமை."

"நீ வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்தே."

"ஆமாண்ணே."

"மோரு வாங்கிக் குடிச்சே."

"ஆமாண்ணே."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏலே, நான் வந்து விழுந்த பெறகு ஊரே சொல்லும். அந்த மனுசன் நான் விழுகறதுக்கு முந்தி, கை நிக்கிற எடத்துல சொல்லுவாரு. சரியா வந்து சேருவேன்னு என்னைய நம்பிச் சொல்லுவாரு. பன்னெண்டு வருசம் பக்கத்துல உக்காந்துருந்து இது தெரியலையா உனக்கு?" என்றார். சத்தம் போடவில்லை. பிறகு, "சைக்கிள எடு" என்றார்.

ஜரிகை வேட்டி, மார்பெல்லாம் சந்தனம், வலது கை விரலில் தவில் வாசிக்கிறவர்கள் மாட்டுகிற கெட்டிக் கூடு, இந்தக் கோலத்தில் அவர் என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து நடுப்பகலில் கடைவீதி வழியாக வந்தார். ஜனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. ஒருத்தன், "மாப்பிள்ளைய எங்கய்யா கடத்திட்டுப் போற?" என்று கேட்டே விட்டான். மற்ற நாளாக இருந்தால் நான் அவனுக்கு நல்லாக் கொடுத்திருப்பேன். வித்வான் வழி முழுக்க என்னைத் தொடவில்லை. இடது கையால் கேரியர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மையவாடியில் ஒருவரும் இல்லை. மண் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. தலைமாட்டில் நட்டிருந்த பச்சைக் கொப்பு வாடியிருந்தது. வித்வான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மண்ணை அள்ளக் கையை நீட்டினார். விரலில் கூடு இருந்ததால் மண் நிற்கவில்லை, வழிந்து போனது. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். வேர்வையில் இறுகிப்போய்க் கழல மாட்டேன் என்றது. இரண்டாவது தடவை அள்ளினார். அதுவும் வழிந்தது. இடது கையால் போட அவருக்கு மனம் வரவில்லை.

அப்புறம் என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை நீட்டி, "அள்ளிக் குடு" என்றார்.

நான் அள்ளிக் கொடுத்தேன். ஒரு பிடி. அவர் போட்டார். இன்னொரு பிடி. போட்டார். மூன்றாவது பிடியை அவர் கையில் வைத்தபோது பாதி மண் சிந்திவிட்டது. "நல்லா அள்ளு. அவருக்கு என் பிடி பெரிய பிடி" என்றார். மறுபடி அள்ளி நிறைய வைத்தேன். அதையும் போட்டார்.

உட்கார்ந்தபடி விரல்களைப் பார்த்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை நீ சொல்லியிருந்தா என் விரலு சும்மா இருந்திருக்கும்ல அப்பு. நானே அள்ளியிருப்பேன்" என்றார்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. நாலு நாளாக வராத அழுகை மொத்தமாக வந்தது. அந்த மண்ணிலேயே உட்கார்ந்து, மாமா, மாமா என்று வாய்விட்டு அழுதேன். வித்வான் தடுக்கவில்லை. தேற்றவும் இல்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் வேலி ஓரத்து நிழலில் போய் நின்றுகொண்டார். பிறகு திரும்பி வந்து, "எந்திரி. நீ இங்கயே கெடந்தா என்னைய யாரு கூட்டிட்டுப் போறது? உன் தங்கச்சிக்கு நலங்கு மேளம் இன்னும் பாக்கி கெடக்கு" என்றார்.

எழுந்தேன். மூக்கைச் சிந்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து ஏறி உட்கார்ந்தேன். அவர் கேரியரில் ஏறினார். நான் மிதிக்க ஆரம்பித்ததும், மண் ஒட்டின கையைக் கொண்டுவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.